நோயாளியின் பஞ்சுப் போர்வை: வீட்டுச் சலவை இயந்திரத்தில் துவைக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி மாதத்தில் நுரையீரல் நோய்ப் பிரிவுக்கு வருவோரின் எண்ணிக்கை கூடுவது வழக்கம். இரவில் இளைப்பு, விடியற்காலையில் அடுக்குத் தும்மல், படுத்தவுடன் தொடங்கும் வறட்டு இருமல் ஆகியவற்றோடு அவர்கள் வருகிறார்கள். வைரஸ் கிருமிகள், ஈரக்காற்று எனக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, நாங்கள் கேட்டால் மட்டுமே வெளிவருகிறது: அந்த வாரம்தான் பரணிலிருந்து இறக்கிய கனத்த போர்வை. "துவைத்துத்தான் வைத்திருந்தோம், டாக்டர்" என்று உடன் வந்தவர் சொல்வார். அவர் சொல்வது உண்மையே. ஆனால் எத்தகைய நீரில் துவைத்தார்கள், எவ்வளவு நேரம் உலர்த்தினார்கள், எதைப் போட்டு மூடி வைத்தார்கள் என்பவற்றைப் பொறுத்தே அந்தப் போர்வை நோயாளிக்கு ஏற்றதா என்பது முடிவாகிறது.

இரு துணிகளுக்கு நடுவே பஞ்சையோ செயற்கை இழையையோ பரப்பி, குறுக்கும் நெடுக்கும் தையலிட்ட போர்வையையே இங்குப் பஞ்சுப் போர்வை என்கிறோம். ரஜாய், குவில்ட், கம்ஃபர்ட்டர் எனக் கடைகளில் பல பெயர்களில் கிடைப்பது அதுவே. பழைய பருத்திப் புடவைகளை அடுக்கித் தைத்து, வீட்டுப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் போர்வையும் இவ்வகையைச் சேர்ந்தது.

போர்வைக்குள் குடியிருப்பது

'டஸ்ட் மைட்' எனப்படும் தூசி உண்ணி, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நீளமுள்ளது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, கடிக்காது, நோய்க்கிருமியைப் பரப்புவதும் இல்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களே அதன் உணவு. அது நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடல் வழியாக உறிஞ்சி வாழ்கிறது. ஆகவே, மனித வெதுவெதுப்பும் ஈரக்காற்றும் சேருமிடம் அதற்கு உகந்த வீடு. கடலோர மாவட்டங்களில் ஆண்டின் பெரும்பகுதி அத்தகைய சூழலே நிலவுகிறது.

ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் உயிருள்ள உண்ணி அன்று, அதன் எச்சத்திலுள்ள புரதமாகும். போர்வையை உதறும்போதும் இழுத்துப் போர்த்தும்போதும் அது காற்றில் எழுந்து மூச்சுக்குழலை அடைகிறது. இந்தப் புரதம் நீரில் கரையும். எனவே குளிர்ந்த நீரில் துவைத்தாலும் அதன் பெரும்பகுதி போய்விடும். ஆனால் உண்ணிகளில் பெரும்பாலானவை குளிர்ந்த நீர்ச் சலவையைத் தாங்கிப் பிழைத்து, சில வாரங்களில் மீண்டும் பெருகுகின்றன. உண்ணி இறக்க வேண்டுமானால் நீர் 55 டிகிரி செல்சியஸையாவது எட்ட வேண்டும். நடைமுறையில் 60 டிகிரி என்று வைத்துக்கொள்வது நல்லது. "துவைத்துத்தான் வைத்திருந்தோம்" என்பவர் வீட்டிலும் இளைப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போர்வையைத் தூய்மையாக வைப்பது இன்ஹேலருக்கு மாற்று அன்று. தூசி உண்ணி ஒவ்வாமை உள்ளவருக்கே இந்த உழைப்பு பயன் தரும். அது உள்ளதா என்பதைத் தோல் ஒவ்வாமைச் சோதனையால் அறியலாம். ஒவ்வாமை இல்லாதவர் வீட்டில் வாரந்தோறும் கனத்த போர்வையைத் துவைத்துக் களைத்துப்போவதில் பொருளில்லை.

ஒவ்வாமை உள்ளவருக்கும் எளிய வழி ஒன்று உண்டு. நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் ஓர் உறை தைத்துப் போர்வைக்குப் போட்டுவிடுங்கள். தலையணை உறை, படுக்கை விரிப்பு ஆகியவற்றோடு அதையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்தால் போதும். உள்ளிருக்கும் போர்வையை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை துவைக்கலாம். மழைக்கு முன் ஆவணி, புரட்டாசி வெயிலில் ஒருமுறையும், குளிர் முடிந்து எடுத்து வைக்குமுன் மாசியில் ஒருமுறையும் துவைப்பது நம் ஊருக்குப் பொருத்தமானது.

இயந்திரத்தில் போடுமுன்

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள். பாலியஸ்டர் இழை நிரப்பிய போர்வை இயந்திரச் சலவையை நன்கு தாங்கும். பருத்திப் பஞ்சு நிரப்பியது, தையல் நெருக்கமாக இருந்தால் தாங்கும். தையல் நான்கு விரலுக்கு மேல் அகன்றிருந்தால் பஞ்சு ஓரிடத்தில் திரண்டு கட்டியாகிவிடும். இலவம் பஞ்சு இயந்திரத்துக்கு ஆகாது. இலவ இழை மெழுகுத் தன்மையுடையது, நீரில் மிதக்கும், கட்டிதட்டினால் மீளாது. இலவம் பஞ்சுத் தலையணையையும் மெத்தையையும் வெயிலில் காயவைத்து, உறையை மட்டும் துவைப்பதே முறை. கம்பளி வெந்நீரில் சுருங்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் புதிதாகப் போர்வை வாங்குவதாக இருந்தால், துவைக்கும் குறிப்புச் சீட்டில் 60 டிகிரி என்று அச்சிடப்பட்ட மெல்லிய போர்வைகள் இரண்டை வாங்குங்கள். விலையுயர்ந்த கனத்த போர்வை ஒன்றைவிட அதுவே மேல்.

அடுத்தது எடை. இயந்திரத்தின் மேல் 7 கிலோ என்று எழுதியிருப்பது உலர்ந்த பருத்தித் துணியின் அளவு. இரண்டரைக் கிலோப் போர்வை அந்தக் கணக்குக்குள் அடங்குவதுபோல் தோன்றும். ஆனால் பஞ்சு தன் எடையைப்போல் பல மடங்கு நீரைக் குடிக்கும், இடத்தையும் அடைத்துக்கொள்ளும். உலர்ந்த போர்வையைத் தொட்டியில் வைத்தபின், மேலே ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். அமுக்கித் திணித்தால்தான் நுழைகிறது என்றால் அந்த இயந்திரம் அதற்குச் சிறியது. நீர் நடுப்பகுதிக்குப் போகாது; சலவைத் தூள் மடிப்புகளில் தங்கிவிடும்; பிழியும்போது இயந்திரம் ஒருபக்கமாக இழுத்து ஆடும். அப்படி ஆடினால் கையால் அழுத்திப் பிடிக்க முயலாதீர்கள். நிறுத்தி, சுழற்சி முழுவதும் அடங்கியபின் திறந்து, போர்வையைச் சமமாகப் பரப்பி மீண்டும் ஓட்டுங்கள். டாப் லோடு இயந்திரத்தில் போர்வையைச் சுருளாகச் சுற்றித் தொட்டியின் ஓரமாக வளைத்து வைப்பது நல்லது.

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீட்டாருக்கு ஓர் எச்சரிக்கை. சிறுநீர் கசியாமல் இருக்க விரிக்கும் ரப்பர் ஷீட், பிளாஸ்டிக் பூசிய மெத்தை விரிப்பு ஆகியவற்றை இயந்திரத்தில் போடக்கூடாது. அவற்றின் வழியே நீர் வெளியேறாது. பிழியும் வேகத்தில் பைபோல் நீரைத் தேக்கி வைத்து, திடீரெனக் கொட்டும். அந்த நொடியில் எடை நிலைகுலைந்து இயந்திரம் துள்ளி உடைவதும் உண்டு. அவற்றைத் தரையில் விரித்துச் சோப்பு நீரால் துடைத்து, அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். அவற்றின் மேல் விரிக்கும் பருத்தித் துணி மட்டும் இயந்திரத்துக்குப் போகட்டும்.

வெப்பம்

நீரைத் தானே சூடாக்கும் வசதியுள்ள இயந்திரமாக இருந்தால் 60 டிகிரியில் நீண்ட பருத்திச் சலவையைத் தேர்ந்தெடுங்கள். அரைமணியில் முடியும் விரைவுச் சலவை போர்வைக்கு உதவாது. மின்சாரச் சேமிப்புத் திட்டத்தில் 60 என்று எழுதியிருந்தாலும், சில இயந்திரங்களில் நீர் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை; வெப்பத்தைக் குறைத்து நேரத்தை நீட்டி அழுக்கை நீக்குவதே அத்திட்டத்தின் ஏற்பாடு. அழுக்கு போகும், உண்ணி போகாது.

நம் வீடுகளில் பலவற்றில் சூடேற்றும் வசதியில்லாத டாப் லோடு அல்லது செமி ஆட்டோமேட்டிக் இயந்திரமே இருக்கிறது. அவர்கள் போர்வையை முதலில் ஒரு பெரிய பாத்திரத்தில் ஊறவைக்கலாம். கொதிக்கும் நீர் ஒரு பங்கு, 30 டிகிரியுள்ள குழாய் நீர் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 65 டிகிரி வரும். பாத்திரமும் துணியும் சற்றுக் குறைத்து விடும். குளிர்ந்த நீரை முதலில் ஊற்றி, பின்னர் கொதிநீரைச் சேருங்கள். ஊட்டி, கொடைக்கானல்வாசிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குழாய் நீரும் குளிர்ந்திருக்கும். அங்கே கொதிநீர் இரண்டு பங்கு வேண்டும். அரைமணி நேரம் மூடி ஊறவைத்து, ஆறியபின் இயந்திரத்துக்கு மாற்றுங்கள். கொதிநீரை நேராக இயந்திரத்தில் ஊற்றக்கூடாது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறுப்புகளும் ரப்பர் குழாய்களும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல. நீர் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கி நடக்கவும் வேண்டா. கொதிநீர்த் தீப்புண் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உயிராபத்தாக முடியக்கூடியது. ஊறும் நேரம் முழுவதும் குழந்தைகள் அப்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இயலாதவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். வெயில் கடுமையான நாளில் போர்வையைப் பல மணி நேரம், இருபுறமும் புரட்டிக் காயவிட்டு, அதன்பின் குளிர்ந்த நீரில் துவையுங்கள். வெப்பமும் வறட்சியும் உண்ணிகளைக் குறைக்கும். அதன்பின் வரும் நீர் எச்சத்தைக் கரைத்துச் செல்லும். வெயிலில் மட்டும் போட்டு எடுத்தால் எச்சம் துணியிலேயே இருக்கும். குழந்தையின் துணிப் பொம்மைகளுக்கும் இதே நெறிதான்: பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு முழுநாள் உறைபெட்டியில் வைத்து, பிறகு துவைக்க வேண்டும்.

சலவைப் பொருள்கள்

ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீரில் நுரை வராது. நுரை வரவில்லை என்று தூளை அள்ளிப் போடுவோம். அது போர்வையின் நடுவில் தங்கி, தோல் அழற்சி உள்ளவருக்கு அரிப்பைத் தரும். கனத்த போர்வைக்குத் தூளைவிடத் திரவம் ஏற்றது. அளவைக் கூட்டாமல் அலசலைக் கூட்டுங்கள். இரண்டு முறை அலசுவது நோயாளியின் துணிக்குக் கட்டாயம். நறுமணம் ஊட்டும் துணி மென்மையாக்கிகள் ஆஸ்துமா வீட்டில் தேவையில்லை; அந்த மணமே சிலருக்கு இளைப்பைத் தூண்டுகிறது.

இரத்தக் கறையை முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும். பிளீச்சிங் திரவத்தை வெள்ளைப் பருத்திக்கு மட்டும், குறிப்பிட்ட அளவில் பயன்படுத்தலாம். ஆனால் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு எழும். சிறுநீர் நனைந்த துணியின் மேல் நேராக ஊற்றினாலும் மூச்சுக்குழலை எரிக்கும் வாயு உண்டாகும். எனவே அத்துணியை முதலில் வெறும் நீரில் நன்றாக அலசிவிட வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் இந்த வேலையைச் செய்து, மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், அவரைப் பராமரிப்பவரே.

உலர்த்துதல்

என் கருத்தில், துவைப்பதைவிட இதுவே முக்கியமானது. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதுவே பஞ்சுப் போர்வையின் இயல்பு. அந்த ஈரத்தில் பூஞ்சணம் வளர்கிறது. அரை ஈரத்தோடு மடித்துப் பரணில் ஏற்றிய போர்வை, துவைக்காமலே வைத்திருந்த போர்வையைவிடக் கெடுதல் செய்யும். உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை பெற்றவர், இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்பவர் ஆகியோருக்குப் பூஞ்சண நெடி வீசும் போர்வையைக் கொடுக்கவே கூடாது.

காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டு அறிவது கடினம். எடையால் அறிவது எளிது. துவைக்குமுன் போர்வையை ஏந்தியபடி எடைக்கருவியில் ஏறி நில்லுங்கள். பிறகு போர்வையின்றி நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே போர்வையின் எடை. அதைக் குறித்து வையுங்கள். உலர்ந்தபின் மீண்டும் எடை பாருங்கள். 200 கிராம் கூடுதலாக இருந்தால், ஏறத்தாழ ஒரு டம்ளர் நீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். இதய நோயாளிகள் உள்ள வீடுகளில் நாள்தோறும் எடை பார்க்கும் கருவி ஏற்கெனவே இருக்கும். அது இதற்கும் உதவட்டும்.

மழை வரும் என்று தோன்றும் நாளில் போர்வையை நனைக்காதீர்கள். காலை ஏழு மணிக்குள் கொடிக்குப் போய்விடும்படி தொடங்குங்கள். பிழியும் சுற்றை இரண்டு முறை ஓட்டலாம். ஒரே கொடியில் மடித்துப் போடுவதைவிட, ஓரடி இடைவெளியுள்ள இரண்டு கொடிகளின் மேல் கூடாரம்போல் விரித்தால் நடுவிலும் காற்று நுழையும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். பஞ்சு திரண்ட இடங்களை ஈரமாக இருக்கும்போதே விரலால் பிரித்துவிட வேண்டும். மாலையில் எடைக் கணக்கு சரியாக வராவிட்டால், மின்விசிறியின் கீழ் இரவு விட்டு மறுநாளும் வெயிலில் போடுங்கள். ஆனால் நோயாளி உறங்கும் அறையில் காயவைக்க வேண்டா. நனைந்த போர்வையைத் தூக்குவது இடுப்புக்குக் கேடு. எழுபது வயதுத் தாயார் தனியாகச் செய்யும் வேலை அன்று அது.

எடுத்து வைக்கும்போது அந்துருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாஃப்தலீன் உருண்டைகளோடு வைத்த போர்வையைப் பச்சிளங்குழந்தைக்குப் போர்த்தக்கூடாது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ள குழந்தைகளுக்கு, அந்த ஆவியே சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கக்கூடும். குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவதில்லை. முழுவதும் உலர்ந்த போர்வையைப் பருத்தி உறையில் கட்டி வைத்தாலே போதும்.

சில நோய்களுக்குரிய சிறப்புக் குறிப்புகள்

சொறிசிரங்கு: இதன் உண்ணி தூசி உண்ணியிலிருந்து வேறானது, மனிதத் தோலுக்கு வெளியே இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் பொதுவாகப் பிழைக்காது. எனவே வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டு, அதற்கு முந்தைய மூன்று நாள்களில் பயன்படுத்திய துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். துவைக்க இயலாத கனத்த போர்வையைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். போர்வையைத் துவைத்துவிட்டு, அரிப்பில்லாத ஒருவர் மட்டும் மருந்து பூசாமல் விட்டால் நோய் திரும்ப வரும்.

கீமோதெரபி: மருந்து ஏற்றியபின் குறைந்தது 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீர், வாந்தி, வியர்வை ஆகியவற்றில் மருந்தின் எச்சம் இருக்கலாம். அவை பட்ட போர்வையைக் கையுறையோடு எடுத்து, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் இரண்டு முறை துவையுங்கள். கருவுற்றிருப்பவர் இந்த வேலையைச் செய்ய வேண்டா.

தோல் களிம்புகள்: சோரியாசிஸ், எக்ஸிமா நோயாளிகள் உடலெங்கும் பூசும் பாரஃபின் களிம்பு போர்வையில் ஊறிவிடும். ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். பற்றினால் வேகமாகப் பரவும். துவைத்தாலும் முழுமையாக நீங்குவதில்லை. இது குறித்துப் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரிக்கை விடுத்தது. இத்தகைய போர்வையோடு கொசுவர்த்தி, ஊதுவத்தி, பீடி, அடுப்பு ஆகியவற்றின் அருகில் போகக்கூடாது. வெப்பக்காற்றால் உலர்த்தும் இயந்திரத்திலும் எண்ணெயோ களிம்போ ஊறிய துணியைப் போட வேண்டா.

புதுத் துணி: நோயாளிக்கோ குழந்தைக்கோ போர்வை தைப்பவர்கள், வாங்கிய துணியை வெட்டுமுன் ஒருமுறை துவைத்துவிட வேண்டும். சுருக்கம் விழாமல் இருக்கப் பூசப்படும் சில பிசின்களில் ஃபார்மால்டிஹைடு உண்டு. அது சிலருக்குத் தோல் அழற்சியைத் தரும். பருத்தி முதல் சலவையில் சற்றுச் சுருங்கும் என்பதால், தைத்தபின் கோணலாகாமல் இருக்கவும் இது உதவும். நனைந்த வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகத் துவைக்க வேண்டிய துணி அது.

இயந்திரமும் ஓர் இருப்பிடம்

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில், 2012, 2013 ஆண்டுகளில், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஒரு பாக்டீரியா குழந்தைகளின் உடலில் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. குழந்தைகள் நோயுறவில்லை, ஆயினும் கிருமி எங்கிருந்து வருகிறது என்று புலப்படவில்லை. இறுதியில் அது ஒரு வீட்டு உபயோகச் சலவை இயந்திரத்தின் சலவைத் தூள் பெட்டியிலும், கதவின் ரப்பர் வளையத்திலும் இருந்தது கண்டறியப்பட்டது. குழந்தைகளின் பின்னல் தொப்பிகளும் காலுறைகளும் அதில்தான் துவைக்கப்பட்டன. அந்த இயந்திரத்தை அகற்றியபின் கிருமி வருவது நின்றது.

குறைந்த வெப்பச் சலவையும், முடிந்தபின் மூடிய கதவும் சேரும்போது ரப்பர் வளையத்தின் மடிப்பில் வழுவழுப்பான படலம் படிகிறது. ஒவ்வொரு முறையும் வளையத்தைத் துடைத்து, கதவையும் தூள் பெட்டியையும் காயும்வரை திறந்து வையுங்கள்; சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இயந்திரம் இருக்கும் அறையின் கதவைச் சாத்திவிட்டு இதைச் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை துணியின்றி, உங்கள் இயந்திரம் அனுமதிக்கும் மிக அதிக வெப்பத்தில் ஒரு சுற்று ஓட்டுங்கள். சூடேற்றும் வசதியில்லாத இயந்திரமாயின், பயனர் கையேட்டில் சொன்ன அளவில் பிளீச்சிங் திரவமிட்டு வெறுமனே ஓட்டி, மறுமுறை வெறும் நீரால் அலசி, அதன்பின் நோயாளியின் துணியைப் போடுங்கள்.